கொம்பு முளைத்த பெட்டி

வீட்டில் ஆளுக்கொரு போன், நடுக்கூடத்தில் ஸ்மார்ட் டிவி, போதாததற்குப் பேசினால் பதில் பேசும் ஸ்பீக்கர் என்று குடும்பம் பெருத்துவிட்டால் பழைய வைஃபை ரவுட்டர் ஒருநாள் கையை விரித்துவிடும். புதுசு வாங்கக் கடைக்குப் போவீர்கள். நீங்கள் வாயைத் திறக்கும் முன்பே கடைக்காரர் கொம்பை எண்ணிக் காட்டுவார். நாலு கொம்பு, ஆறு கொம்பு, எட்டுக் கொம்பு. எட்டுக் கொம்பு வைத்ததற்கு 'கேமிங் மாடல்' என்று பெயர். விலைக்கும் கொம்பு முளைத்திருக்கும்.

இந்த ஆன்டெனா மோகத்துக்குப் பிள்ளையார் சுழி போட்ட புண்ணியவான், வயர்லெஸ் தந்தி விட்ட இத்தாலிக்காரர் மார்க்கோனி. 1901 டிசம்பர் 12. கனடா பக்கம் நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு குன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறார். அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், இங்கிலாந்தின் போல்டூவில் இருந்து அவருடைய ஆட்கள் மூன்று புள்ளிகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். மோர்ஸில் அது 'எஸ்' எழுத்து. ஆன்டெனாவைத் தூக்கி நிறுத்த முதலில் பலூன் விட்டார்கள். காற்று அதை அறுத்துக்கொண்டு போனது. கடைசியில் கம்பியைக் கட்டிப் பட்டம் விட்டார்கள். ஆமாம், உலகை மாற்றிய ஆன்டெனா ஒரு பட்டம்!

காதில் இயர்போனை அழுத்தி வைத்துக்கொண்ட மார்க்கோனிக்கு மூன்று புள்ளிகள் கேட்டன. கேட்டதாக அவர் சொன்னார். உடனே உதவியாளர் கெம்ப்பிடம் கொடுத்து, கேட்கிறதா என்று விசாரித்தார். அவருக்கும் கேட்டது. சம்பளம் கொடுக்கிறவர் கேட்டால் கேட்காமல் இருக்குமா? காகிதத்தில் பதிவு கிடையாது, மூன்றாவது காது கிடையாது. நட்டநடுப் பகலில், அந்த அலைவரிசையில், அவ்வளவு தூரம் எப்படிக் கேட்டிருக்கும் என்று விஷயம் தெரிந்தவர்கள் இன்றுவரை தலையைச் சொறிகிறார்கள். பின்னாளில் அவர் நன்றாகவே நிரூபித்துவிட்டார், அது வேறு விஷயம். ஆனால் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு "ஒரு பாயின்ட் வருதுப்பா" என்று மொட்டை மாடியில் சத்தியம் செய்கிற பரம்பரைக்கு அவர்தான் மூலபுருஷர்.

அடுத்து கடைக்காரர் 'ஃபுல் செக்யூரிட்டி சார்' என்பார். மார்க்கோனியும் அதையேதான் சொன்னார். என் கருவியை நான் ட்யூன் செய்துவிட்டால் வேறு ஒருவனும் உள்ளே நுழைய முடியாது என்று மார் தட்டினார். 1903 ஜூனில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் டெமோ. மேடையில் பேராசிரியர் ஃப்ளெமிங், எதிரே கனவான்கள். முந்நூறு மைல் தள்ளி போல்டூவில் மார்க்கோனி தயாராக இருக்கிறார். அவருடைய செய்தி வரும் முன்பே கருவி தானாகத் தட்ட ஆரம்பித்தது. என்ன வந்தது தெரியுமா? 'எலிகள்'. மறுபடியும் 'எலிகள்'. அப்புறம், ஊரை ஏமாற்றும் இத்தாலிக்காரன் ஒருவனைப் பற்றி ஒரு கேலிப் பாட்டு!

ஃப்ளெமிங்குக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அந்தப் போக்கிரியைக் கண்டுபிடியுங்கள் என்று 'தி டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். போக்கிரியே அதே பத்திரிகையில் ஆஜரானார்: நான்தான் அது. பெயர் நெவில் மாஸ்கெலின், தொழில் மேஜிக். கடலடிக் கேபிள் வைத்துப் பிழைத்த ஒரு தந்திக் கம்பெனி, வயர்லெஸ் வந்தால் நம் கடை காலியாகிவிடுமே என்று இவரை ஏற்கெனவே ஒற்றறியும் வேலைக்கு வைத்திருந்தது. ஆக, வயர்லெஸ் உலகின் முதல் ஹேக்கர் தொப்பிக்குள்ளிருந்து முயல் எடுக்கும் வம்சம். நீங்கள் வாங்கப்போகும் பெட்டியில் டபிள்யூபிஏ3 என்ற பூட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தும் என்ன, பாஸ்வேர்டு 12345678 என்று வைப்பீர்கள்.

இங்கே ஹெடி லமார் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். வைஃபையைக் கண்டுபிடித்தது அந்த ஹாலிவுட் பேரழகிதான் என்று ஃபேமிலி குரூப்பில் மாதம் ஒருமுறை ஃபார்வர்டு வருகிறதே! அம்மணி மூளைக்காரர், சந்தேகமில்லை. ஆன்தீல் என்ற இசைக்காரரோடு சேர்ந்து 1942ல் அவர் பேட்டன்ட் வாங்கியது ரேடியோவில் ஓட்டும் டார்பிடோவுக்கு. எதிரி குறுக்கிடாதபடி சிக்னல் 88 அலைவரிசைகளில் தாவித் தாவி ஓடும். ஏன் 88? பியானோவில் அத்தனை கட்டைகள்! கப்பற்படை யோசனையைப் பரணில் போட்டுவிட்டது. 1997ல் வந்த முதல் வைஃபை தரத்தில் இந்தத் தாவல் ஒரு வழியாக இருந்தது, அப்புறம் அதையும் கழற்றிவிட்டார்கள். இன்றும் தாவிக்கொண்டிருப்பது ப்ளூடூத். ஹெடிக்கு நன்றி சொல்வதானால் இயர்பட்ஸை மாட்டிக்கொண்டு சொல்லுங்கள்.

நெரிசலான வீட்டுக்கு உண்மையான குலதெய்வம் நார்மன் ஏப்ரம்சன். கடல் அலையில் சர்ஃபிங் செய்யும் ஆசையில் ஹவாய்க்கு வேலைக்குப் போனவர், 1971ல் தீவுகளில் இருந்த கம்ப்யூட்டர்களை ரேடியோ அலையில் இணைத்தார். அலோஹாநெட். அதன் சட்டம் என்ன? சட்டமே இல்லை என்பதுதான்! யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம். இரண்டு பேர் மோதிக்கொண்டால் ஆளுக்கொரு நேரம் காத்திருந்து மறுபடி பேச வேண்டும். கணக்குப் போட்டால், சேனலில் அதிகபட்சம் 18 சதவீதம்தான் உருப்படியாகப் பயன்படும். நம் வீட்டுப் பேச்சைவிட எவ்வளவோ தேவலை.

வைஃபை அதில் கொஞ்சம் நாகரிகம் சேர்த்தது: பேசும் முன் காது கொடு. இருந்தாலும் பழைய ரவுட்டர் பந்தியில் ஒரு இலைக்குப் பரிமாறி முடித்த பிறகுதான் அடுத்த இலைக்கு நகரும். வைஃபை 6 ஒரே நடையில் நாலு இலைக்கும் ஒவ்வொரு கரண்டி போட்டுக்கொண்டு போகும். கூட்டம் இருக்கும் வீட்டுக்கு இதைத்தான் பார்க்க வேண்டும். நீங்களோ அட்டைப்பெட்டியில் 'ஏஎக்ஸ்3000' என்று கொட்டை எழுத்தில் இருக்கும் எண்ணைப் பார்ப்பீர்கள். அது 2.4 கிகாஹெர்ட்ஸில் 574 எம்பிபிஎஸ், 5 கிகாஹெர்ட்ஸில் 2402, இரண்டையும் கூட்டினால் 2976. பாக்கி 24 கம்பெனி மொய். உங்கள் போன் பொதுவாக ஒரு நேரத்தில் ஏதாவது ஒரு பக்கம்தான் ஒட்டும். அதைவிட, பின்னால் இருக்கும் போர்ட் கிகாபிட்டா என்று கேளுங்கள். 1200 என்று மார் தட்டும் மலிவுப் பெட்டிகள் பலவற்றில் போர்ட் வெறும் 100. 300 எம்பிபிஎஸ் ஃபைபர் பிளானுக்கு மாதாமாதம் பணம் கட்டிவிட்டு, 'வைஃபை சரியில்லை' என்று டெக்னீஷியனைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

சுவரில் பட்டு எதிரொலித்துச் சிக்னல் குழம்புகிறதே, அந்தத் தலைவலிக்கு மருந்து கண்டவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரேலியாவின் ஜான் ஓ'சல்லிவன். 1970களில் அவர் வானத்தில் வெடிக்கும் குட்டிக் கருந்துளைகளைத் தேடிக்கொண்டிருந்தார். அதற்குப் போட்ட கணக்கு பின்னால் வைஃபைக்குக் கைகொடுத்தது. பெரிய கம்பெனிகளெல்லாம் கோர்ட் படியேறி இறங்கி, அவர் வேலை பார்த்த சிஎஸ்ஐஆர்ஓ என்ற அரசு நிறுவனத்துக்கு 40 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் அழுதன. கருந்துளை மட்டும் அவருக்குக் கடைசிவரை சிக்கவில்லை. வானத்தில் போய்த் தேடினால்? நம் வீட்டில் சமையலறையைத் தாண்டி, பீரோவுக்குப் பின்னால் இருக்கும் கடைசி ரூமில் வந்து பார்த்திருக்க வேண்டும்.