மணக்காத குற்றம்

யாழ்ப்பாணத்தில் பன்றி வளர்க்கிறவருக்கு ஒரேயொரு சட்டம்தான்: மணக்கக் கூடாது. மணந்தால் மனு போகும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார், பிரதேச சபை கடிதம் எழுதும். வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத கைகள் கையொப்பம் வைக்கும். சனிக்கிழமை அதே வீடுகளில் எத்தனைக்குப் பன்றி இறைச்சிப் பார்சல் போனது என்று மனுவில் யாரும் எழுதுவதில்லை.

கொட்டில்காரர் என்ன செய்வார்? மண்ணில் குழி வெட்டிக் கழிவை இறக்கி, மேலே தகரம் போட்டு மூடுவார். மணம் நின்றது. கோவை மூடியது.

குழிக்குக் கீழே இருப்பது பொந்து விழுந்த சுண்ணாம்புக்கல். ஆறென்று சொல்ல மாரிக்கு ஓடும் வழுக்கியாறு ஒன்றுதான். நாங்கள் குடிப்பதும் குளிப்பதும் வெங்காயத்துக்கு இறைப்பதும் அந்தக் கல்லுக்குள் தேங்கிய மழைத்தண்ணீர். கழிவின் நைதரசன் நைத்திரேற்றாகி அங்கேதான் இறங்குகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஆகவே எங்கள் நிருவாகத்தில் அது இல்லை. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறியும். அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் பச்சைக் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கலாம். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் ஆகாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வலிகாமத்தில் பல கிணறுகள் எல்லை தாண்டியதை ஆய்வாளர்கள் எண்பதுகளிலிருந்து எழுதுகிறார்கள். எழுதட்டும். ஆய்வுக்கட்டுரை மணக்காது.

பன்றியை மட்டும் நிறுத்திவைத்து அடிப்பதும் அயோக்கியத்தனம்தான். கிணற்றடியில் வெட்டிய எங்கள் மலசலகூடக் குழியும், தோட்டத்தில் மூட்டை மூட்டையாய்க் கொட்டிய யூரியாவும் அதைவிடப் பெரிய குற்றவாளிகள். சுன்னாகத்துக் கிணறுகளில் மின்நிலையத்து எண்ணெய் மிதந்தது, மணந்தது, வழக்கானது. 2019இல் உயர் நீதிமன்றம் மின்நிலையக் கம்பனியை 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. யூரியாவுக்கு எதிராக எந்தத் தோட்டக்காரர் வழக்குப் போடுவார்?

கொழும்பின் மூக்கு இன்னும் நீளம்; அதற்குச் சீனத்து எருவே மணக்கும். 2021இல் இரசாயனப் பசளையைத் தடைசெய்த கோட்டாபய அரசு, சீனாவிலிருந்து 20,000 தொன் சேதனப் பசளையைக் கப்பலில் வரவழைத்தது. மாதிரியில் நோய்க்கிருமி, இறக்க விடவில்லை. இறக்காத எருவுக்கு 67 இலட்சம் டொலர் கட்டினார்கள். அந்த நேரம் இங்கே எங்கள் சொந்த எரு கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, இலவசமாக.

வழி இல்லாமலில்லை. உமியும் மரத்தூளும் ஆழமாய்ப் பரப்பி வளர்த்தால் கழிவு கொட்டிலிலேயே மக்கி எருவாகும். கசியாத தொட்டியில் அடைத்து வாயு எடுக்கலாம். ஆனால் வாயு போனபின்னும் கரைசலில் நைதரசன் நிற்கும். அதை அளந்து ஊற்றப் பயிர்நிலம் வேண்டும். திறப்புவிழாக்காரருக்கு அது எதற்கு? அடுப்பில் நீலச் சுவாலை, மாலை, படம், கல்வெட்டு. கரைசல் பழைய குழிக்கு.

2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தைத் திறந்தார்கள். நாளுக்கு 24,000 கனமீற்றர். இனி மின்சாரம் எரித்துக் கடலைக் குடிக்கலாம். அதற்குக் கடன் கிடைக்கிறது. கொட்டிலுக்கு ஒரு சீமெந்துத் தொட்டி கேட்டுப் பாருங்கள்: இந்த ஆண்டு நிதி ஒதுக்கீடு இல்லை.