ஞாயிறு மதிய மாதிரித் தேர்வு: ஓர் ஆய்வு முன்னுரை

நாமக்கல் முட்டை, லாரி பாடி, திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஆகியவை பற்றிப் போதுமான அளவு எழுதியாகிவிட்டது. இந்தச் சமவெளியின் நான்காவது விளைச்சலான மாதிரித் தேர்வை மட்டும் அறிஞர் உலகம் ஏனோ கண்டுகொள்ளவில்லை.

முதலில் காலக்கணிப்பு. இங்குள்ள எந்தப் பள்ளி ஹாஸ்டல் ஸ்டோர் ரூமைத் தோண்டினாலும் அடி அடுக்கில் 1200 மதிப்பெண் காலத்துத் திருப்புதல் தேர்வுத் தாள்கள் கிடைக்கும். பிளஸ் ஒன் பாடத்தைப் பேருக்குத் தொட்டுவிட்டு, பிளஸ் டூ புத்தகத்தையே இரண்டு வருடம் உருப்போட்ட நாகரிகம் அது. 2017இல் சரிந்தது. அவ்வாண்டு மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் தமிழ்நாட்டுக்கு வந்தது. மாநில ரேங்க் பட்டியல் நின்றது. பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு என்றார்கள். மேல் அடுக்கு முழுக்க ஓஎம்ஆர் தாள்.

அடுத்து உடலியல். அசல் நீட் தேர்வு மதியம் இரண்டு மணிக்கு என்பதால் மாதிரியும் அதே இரண்டு மணிக்கு. மெஸ்ஸில் முட்டைக் குழம்பு முடிந்த சூட்டோடு நெஃப்ரானைப் பற்றிக் கேட்பார்கள். முன்னோர் இதை அறிவுச் சோதனை என்றே கருதினர். நாம் மாறுபடுகிறோம். உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு. அதோடு மூன்று மணி நேரம் கண் சொருகாமல் இருக்கப் பழக்குவதே இதன் தலையாய பயன்.

கணிதமும் உண்டு. 180 கேள்வி; சரிக்கு நான்கு, தப்புக்கு மைனஸ் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு எல்லா வட்டத்தையும் கறுப்பவருக்குச் சராசரியாக 45 மார்க் தேறும். அதாவது அறியாமைக்கு ஒரு கேள்விக்குக் கால் மார்க். அடக்கமாக விட்டுவிட்டு வந்தவருக்குப் பூஜ்யம்.

தேர்வு எழுதுவது நினைவாற்றலுக்கு உதவுமா என்பதற்கும் ஆய்வு உண்டு. 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் ஒரு பரிசோதனை வெளியிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். நம்மூரில் இதைச் சரிபார்க்க வழியில்லை. அந்த ஒரு வாரத்துக்குள் அடுத்த டெஸ்ட் வந்துவிடுகிறது.

தவறுகளின் வகைப்பாடு எளிது. ஒரே வகைதான்.

“எத்தனை வந்துச்சு கண்ணு?”

“சில்லி மிஸ்டேக்குங்கப்பா.”

ஆன்சர் கீ வெளிவரும்வரை அது கடினமான கேள்வி. வந்தபிறகு எல்லாமே சில்லி மிஸ்டேக். அப்பாவும் இந்தக் கோட்பாட்டை ஏற்றுக்கொண்டு, “நெகட்டிவ் எத்தனை?” என்று அடுத்த படிக்குப் போய்விடுகிறார்.

வாராவாரம் நடப்பதை மாதிரி என்றும், வருடத்துக்கு ஒருமுறை நடப்பதை அசல் என்றும் சொல்வது எண்ணிக்கைக்குப் பொருந்தவில்லை. மே மாதத்தில் நடப்பதை மாதிரித் தேர்வின் மாதிரி என்றழைக்கப் பரிந்துரைக்கிறோம். ரிப்பீட்டர்களிடம் இதற்கு எதிர்ப்பிருக்காது.

முறையான ஆய்வென்றால் ஒப்பிட்டுப் பார்க்க மாதிரித் தேர்வே எழுதாத ஒருவர் வேண்டும். ராசிபுரம் முதல் திருச்செங்கோடு வரை தேடியதில் ஒருவர் அகப்பட்டார். கேள்வித்தாள் தயாரிக்கும் ஆசிரியர்.