பழைய தோட்டா வாங்கலாமா?

கேள்வி: சுட்டால் தீர்ந்துபோகிற பொருள் தோட்டா. அதில் ‘செகண்ட் ஹேண்ட்’ எப்படி வரும்? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: இரண்டு வழியில் வரும். ஒருவர் வாங்கிச் சுடாமல் மிச்சம் வைத்தது ஒன்று. சுட்ட காலிக் கூட்டில் புது பிரைமர், மருந்து, குண்டு வைத்து மறுபடி அடைத்தது இன்னொன்று. முதல் வகைக்குக் கம்பெனிப் பெட்டி சாட்சி சொல்லும். இரண்டாவதற்கு அடைத்தவர் கை மட்டுமே சாட்சி. அந்தக் கை யாருடையது, எவ்வளவு மருந்து போட்டது என்று தெரியாத தோட்டாவை இனாமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

கேள்வி: எனக்கும் என் நண்பருக்கும் 12 போர் துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறது. அவரிடம் மிஞ்சிய தோட்டாவை நான் விலைக்கு வாங்கிக்கொள்ளலாமா? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: வாங்கலாம், ஆனால் இன்றைக்கு அல்ல. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5-வது பிரிவு இதற்கு வழி வைத்திருக்கிறது. யாருக்கு விற்கப் போகிறார் என்று உங்கள் பெயர், முகவரியோடு அவர் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்கோ எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு 45 நாள் கழிய வேண்டும். உங்கள் லைசென்ஸில் எழுதியிருக்கும் எண்ணிக்கையையும் அது தாண்டக் கூடாது. “நமக்குள்ளே என்ன கடிதாசி” என்று கைமாற்றினால், சட்டத்தை மீறிய விற்பனை ஆகிவிடும். அதற்கு ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். நட்புக்காக அந்த 45 நாளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் காய்கறி மாதிரி வாங்கலாமாமே? (வாசகி, மதுரை)

பதில்: பல மாநிலங்களில் ஏறக்குறைய அப்படித்தான். தோட்டா விற்பனைக்கு 1968 சட்டம் கொண்டுவந்த பதிவேட்டை 1986 சட்டம் பெரும்பாலும் எடுத்துவிட்டது. கலிஃபோர்னியா வேறு பாதையில் போயிற்று. அங்கே 2018 முதல் தனியாள் தனியாளுக்கு விற்பதானாலும் லைசென்ஸ் பெற்ற கடை வழியாகத்தான்.

2017 அக்டோபரில் லாஸ் வேகாஸ் இசை விழாவில் கூட்டத்தைச் சுட்டவனின் ஓட்டல் அறையில் ஒரு பெட்டி கிடைத்தது. அதன்மேல் அரிசோனாக்காரர் ஒருவரின் முகவரி இருந்தது. வீட்டிலேயே தோட்டா அடைத்து விற்றவர். கொலைகாரனுக்கு 720 தோட்டா கொடுத்திருந்தார். படுகொலையில் பங்கு என்று அவர்மேல் வழக்கு இல்லை. லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரித்த குற்றத்துக்கு 13 மாதம் சிறை கிடைத்தது. வாங்கியவன் மனதில் என்ன இருந்தது என்று விற்றவருக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். முன்பின் தெரியாதவனுக்கு விற்கக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்?

கேள்வி: பழைய தோட்டாவில் அப்படி என்ன ஆபத்து? வெடிக்காது, அவ்வளவுதானே? (வாசகர், தேனி)

பதில்: வெடிக்காமல் போவதுதான் இருப்பதிலேயே சின்ன ஆபத்து. அப்போதும் உடனே துப்பாக்கியைத் திறக்காதீர்கள். சில தோட்டா தாமதித்து வெடிக்கும். குழலைப் பத்திரமான திசையில் நீட்டி, அரை நிமிஷமாவது பொறுங்கள். மருந்து நமத்த தோட்டா ‘டப்’ என்று மெலிந்த சத்தத்தோடு குண்டைக் குழலின் பாதியிலேயே விட்டுவிடலாம். அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும்.

எல்லாவற்றையும்விடக் கொடியது பல அளவுத் தோட்டா கலந்து கிடக்கும் பை. 20 போர் தோட்டா 12 போரைவிட மெலிந்தது. தவறிப் போட்டால் 12 போர் குழலுக்குள் வழுக்கிப் போய் அறையைத் தாண்டிச் சிக்கிக்கொள்ளும். திறந்து பார்த்தால் அறை காலியாகத் தெரியும். பின்னாலேயே 12 போர் தோட்டாவைப் போட்டு அழுத்தினால் முன்கை தாங்கும் இடத்தில் குழல் வெடிக்கும். அதனால்தான் 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுக்கிறார்கள். நிறம் மங்கி, எழுத்து அழிந்த பழைய தோட்டா அந்த எச்சரிக்கையை இழந்துவிட்டது.

கேள்வி: பையில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா விமான நிலையத்தில் பிடிபட்டால்? (வாசகர், சென்னை)

பதில்: ஒன்றானாலும் வழக்குதான். அது பையில் இருப்பது தெரிந்தே வைத்திருந்தீர்களா என்பதை நீதிமன்றம் பார்க்கும். ஆனால் விமானம் போயிருக்கும். கிளம்புமுன் பையை உதறிப் பாருங்கள்.

கேள்வி: இறந்துபோன தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் இருபது தோட்டா இருக்கிறது. துப்பாக்கி எப்போதோ போய்விட்டது. தெரிந்தவர் ஒருவர் விலைக்குக் கேட்கிறார். (வாசகி, சிவகங்கை)

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. லைசென்ஸ் தாத்தாவோடு முடிந்தது. இப்போது அவை உங்கள் வீட்டில் இருப்பதே சட்டச் சிக்கல். கிணற்றில் போடுவதும் குப்பையில் எறிவதும் அடுப்பில் இடுவதும் வேண்டவே வேண்டாம். குழந்தைகள் கைக்குப் போய்ச் சேரும், அல்லது வெடிக்கும். ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவு இதற்கு வழி சொல்கிறது: தாமதிக்காமல் பக்கத்துப் போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். நீங்களே எடுத்துக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். முதலில் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, எப்படி ஒப்படைப்பது என்று கேளுங்கள். தாத்தாவின் லைசென்ஸ் புத்தகம் கிடைத்தால் கூடவே வையுங்கள். எண்ணிக்கை எழுதிய ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். இந்த வாரமே செய்யுங்கள்.