கிரெடிட் வங்கி மேலாளர் அவர்களுக்கு

அனுப்புநர்: வங்கியியல் தாள் நடத்தும் வணிகவியல் ஆசிரியர், ஒரு கலை அறிவியல் கல்லூரி, தமிழ்நாடு.

பெறுநர்: மேலாளர் அவர்கள், அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ், புது தில்லி.

பொருள்: தங்கள் வங்கியை வங்கியாகவே நடத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒழுங்குமுறைகள், ஜூலை 2021. 2. ஃபோலி எதிர் ஹில் வழக்கு, 1848.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் வங்கிக்குக் கிளை இல்லை, வாசலில் துப்பாக்கிக் காவலர் இல்லை, நூலில் கட்டித் தொங்கும் பேனா இல்லை. மாணவர் படித்துச் சேர்க்கும் கிரெடிட்டுகளைக் கணக்கில் வைத்துக்கொண்டு, அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கருக்குள் குடியிருக்கிறீர்கள். மேலாளர் என்று ஒருவர் இருக்கிறாரா என்பதே சந்தேகம். இருந்தாலும், வாங்கிக்கொள்ள ஆள் இருந்தால்தான் மனு எழுதுவது என்ற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது.

முதலில் பாராட்டு. பிரேசிலில் பாவ்லோ ஃப்ரேய்ரே என்று ஒருவர் இருந்தார். 1963-இல் அஞ்சிகோஸ் என்ற வறண்ட ஊரில் சுமார் 300 உழைப்பாளிகளுக்கு 40 மணி நேர வகுப்பில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். (30 மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட் என்ற தங்கள் கணக்கில் அது ஒன்றேகாலுக்குச் சற்று மேல் வரும்.) மறு ஆண்டே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, அவரைச் சிறையில் போட்டது. வெளியே வந்தவர் நாட்டைவிட்டுப் போய், சிலியில் இருந்தபடி 1968-இல் ஒடுக்கப்பட்டோரின் கல்வி பற்றிய புத்தகத்தை எழுதினார். ஆசிரியர் பணம் போடுகிறவர், மாணவர் வாயைத் திறந்து வைத்திருக்கும் பெட்டி, வகுப்பறை என்பது வங்கி என்று அதில் திட்டித் தீர்த்திருக்கிறார். உலகத்தில் எல்லோரும் அதைத் திட்டு என்றே எடுத்துக்கொண்டார்கள். அதையே பெயர்ப்பலகையில் எழுதிக்கொள்ளும் துணிச்சல் தங்களுக்கு மட்டும்தான் வந்தது.

பெயரில் எனக்கு வருத்தமில்லை. வங்கியியல் நடத்திப் பிழைக்கிறவன் என்ற முறையில் என் வருத்தமே வேறு. ஃப்ரேய்ரேயும் சரி, தாங்களும் சரி, வங்கிகளின் பெயரைக் கெடுக்கிறீர்கள்.

பார்வை 2-ஐப் பாருங்கள். பி.காம். படித்த எவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்: வங்கியர் கடனாளி, பணம் போட்டவர் கடனீந்தவர். இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை சொன்ன தீர்ப்பு அது. நான் 1,000 ரூபாய் போட்டால் அந்த நோட்டுகள் அந்த நிமிடமே வங்கியின் சொத்து. அதை யாருக்கும் கடன் கொடுக்கலாம், எதிலும் முதலீடு செய்யலாம், என்னைக் கேட்க வேண்டியதில்லை. நான் கேட்கிற அன்று 1,000 ரூபாயும் பேசிய வட்டியும் வந்தால் போதும். அதே நோட்டு வர வேண்டும் என்று எந்த வாடிக்கையாளரும் கேட்பதில்லை, கேட்டால் செல்லாது.

மாணவர் உண்மையிலேயே வங்கியாக இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! நான் வகுப்பில் போட்டது அந்த நிமிடமே அவருடையது. தன் போக்கில் புழங்கலாம், தெருவில் நாலு பேருக்குக் கொடுத்து வாங்கலாம், வேறொன்றில் போட்டுப் பெருக்கலாம். தேர்வில் நான் கேட்கும்போது வேறு நோட்டாக, வட்டியோடு தரலாம். நடப்பது அதுவா? நான் கொடுத்த நோட்ஸ் வரிசை எண் மாறாமல் திரும்பி வந்தால்தான் முழு மதிப்பெண். வைத்த பொருள் வைத்தபடியே திரும்பக் கிடைப்பதற்குப் பெயர் லாக்கர். ஃப்ரேய்ரே வங்கிக்குள் நுழைந்தவர் கவுண்டரைப் பார்க்காமல் நேரே ஸ்ட்ராங் ரூமுக்குப் போய்விட்டார் போலிருக்கிறது.

சரி, லாக்கர் என்றே வைத்துக்கொள்வோம். 2022 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி, வங்கியின் குறையால் தீயோ திருட்டோ நடந்து லாக்கரில் வைத்தது போனால், ஆண்டு வாடகையைப்போல் 100 மடங்கு வரை வங்கி பொறுப்பு. எங்கள் பிள்ளைகள் ஆண்டு வாடகையைத் தவறாமல் கட்டுகிறார்கள். மேற்சொன்ன தீர்ப்பை எழுதி முழு மதிப்பெண் வாங்கிய ஒருவர், தேர்வுக் கட்டணம் கட்ட வங்கிக்குப் போய் நின்று, சலானில் எந்த இடத்தில் என்ன எழுதுவது என்று எனக்கு போன் செய்தார். பெட்டி காலி. கட்டணத்தைப்போல் 100 மடங்குக்குத் தங்களிடம் நிதி இருக்கிறதா என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று. தங்கள் வங்கியில் மாணவர் தானாக வந்து எதையும் போட முடியாது. பதிவுபெற்ற நிறுவனம் போட்டால்தான் ஏற்பீர்கள். கூலி வேலைக்குப் போகும் அம்மாகூடக் கைநாட்டு வைத்துத் தன் ஜன்தன் கணக்கில் தன் பணத்தைத் தானே போடுகிறார். என் வகுப்பில் ஒரு பெண், எட்டாம் வகுப்பிலிருந்து தன் அம்மாவின் மகளிர் சுயஉதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதி வருகிறார். யாருக்கு எவ்வளவு கடன், எந்த வாரம் தவணை தவறியது, தவறியவர் வீட்டில் எப்படிப் பேசினால் பணம் வரும், எப்படிப் பேசினால் வராது, எல்லாம் அத்துப்படி. வாராக்கடன் பற்றி ரிசர்வ் வங்கி ஆளுநருக்கே வகுப்பெடுப்பார். இதை எந்தக் கவுண்டரில் போடுவது என்று என்னைக் கேட்டார். தங்கள் ஒழுங்குமுறையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அரியர் இருந்தால் முதலில் அதை முடிம்மா என்றேன்.

காலக்கெடு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண வங்கியில் 10 ஆண்டு யாரும் தொடாத பணம், 2014-இல் ஏற்படுத்திய வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்குப் போகிறது. கேட்பாரற்ற பணத்தைக் கல்விக்கு எடுத்துவைக்கிறார்கள்! அதற்குப் பிறகு சொந்தக்காரர் வந்து கேட்டாலும் திருப்பித் தருகிறார்கள். தங்களிடம் கிரெடிட்டின் ஆயுள் அதிகபட்சம் 7 ஆண்டு. படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போனவர், தம்பி தங்கையைக் கரையேற்றிவிட்டு எட்டாம் ஆண்டு திரும்பி வந்தால் இருப்பு பூஜ்யம். ஆனால் அதே படிப்புக்காக அவர் வேறொரு வங்கியில் வாங்கிய கல்விக்கடனைக் கட்டி முடிக்க 15 ஆண்டு வரை அவகாசம் உண்டு. படித்ததற்கு 7, படித்த கடனுக்கு 15. எந்த வங்கிக்கு ஞாபக சக்தி அதிகம் என்று தாங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அவசர விஷயம். இப்போது நான் மதிப்பீட்டு முகாமில் இருக்கிறேன். 'வங்கியருக்கும் வாடிக்கையாளருக்கும் உள்ள உறவு யாது?' என்பது ஐந்து மதிப்பெண் கேள்வி. டம்மி எண் போட்ட ஒரு தாளில் இப்படி எழுதியிருக்கிறது: "வங்கிதான் கடன் வாங்கியிருக்கிறது, பணம் போட்டவர் கடன் கொடுத்தவர் என்று வகுப்பில் சொன்னார்கள். எங்கள் ஆத்தா 40,000 ரூபாய் போட்டிருக்கிறது. அதை எடுக்கப் போனால், கடன் வாங்கினவர் ஏசியில் உட்கார்ந்திருக்கிறார், கடன் கொடுத்த ஆத்தா கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. எங்கள் ஊரில் கடன் வாங்கினவன்தான் நிற்பான். இந்த உறவுக்கு என்ன பெயர் என்று புத்தகத்தில் இல்லை."

விடைக்குறிப்பில் உள்ள ஐந்து பாயின்டில் ஒன்றுகூட இதில் இல்லை. முகாம் சேர்மனிடம் காட்டினேன். படித்தார், சிரித்தார், "கீ-யில இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். தாளைக் கட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். முகாம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. இதை வட்டி என்று கொண்டு மதிப்பெண் போடலாமா, போட்டால் எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்பதை அதற்குள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கேஷியர் (பழைய பதவிப் பெயர்: உதவிப் பேராசிரியர்)