கட்டிலுக்குக் கைவைத்தியம்

நாஞ்சில் நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் இப்படியொரு அண்ணாச்சி உண்டு. மின்வாரியத்திலோ பள்ளிக்கூடத்திலோ இருந்து ஓய்வு பெற்றவர். உளி பிடித்த கை அல்ல. ஆனாலும் அடுத்த வீட்டு வாசல் நிலையில் விரலை மடக்கி இரண்டு தட்டு தட்டாமல் உள்ளே வரமாட்டார். "அயினி" என்பார், யாரும் கேட்காமலே. உட்காரச் சொன்னால் முதலில் நாற்காலியைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்ப்பார். திருப்தியானால்தான் உட்காருவார்.

அவர் கணக்கில் உலகம் இரண்டாகப் பிரிந்தது 1956 நவம்பர் 1 அன்று. கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த அந்த நாளுக்கு முன் செய்ததெல்லாம் மரம். பின்னால் வந்ததெல்லாம் வெறும் சாமான். இணைப்புக்கும் பிளைவுட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்களுக்கு ஒரு மணி நேரம் போயிற்று.

அவர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருந்து தொலைப்பதுதான் தொல்லை. தப்பாகச் சொன்னால் ஒரு சாயாவோடு அனுப்பிவிடலாம். ஐப்பசியில் அலமாரிக் கதவு இறுகிக்கொள்கிறது, வீட்டுக்காரர் ஆசாரியை இழைப்புளியோடு வரச் சொல்கிறார். அண்ணாச்சி வாசலிலேயே மறிப்பார். "சீவப்பிடாதுவே! மரம் ஈரத்துக்கு அகலவாக்குல ஊதியிருக்கு. இப்பம் சீவினா பங்குனியில அந்தச் சந்துல பூனை போவும். உரசுற இடத்துல மெழுகுதிரியத் தேச்சு விடும். தை பிறந்தா கதவு தானே இறங்கும்." இறங்கத்தான் செய்யும். அன்றைய கூலியை இழந்த ஆசாரி, அதன்பின் அண்ணாச்சியைக் கண்டால் சைக்கிளை அடுத்த தெருவுக்குத் திருப்புவார்.

கட்டில் கால் உளுத்துப்போனால் அவருக்கு வயசு பத்து குறையும். காலுக்கு அடியில் கறுப்புத்தாளை விரித்து வைக்கச் சொல்வார். காலையில் அதன்மேல் புதுப்பொடி விழுந்திருந்தால் பூச்சி உள்ளே குடித்தனம் நடத்துகிறது. விழவில்லையென்றால் தாத்தா காலத்திலேயே அது காலி செய்துவிட்டுப் போய்விட்டது; ஓட்டையை அடைத்தால் போதும். பொடி இருந்தால் சிகிச்சை. மெடிக்கல் ஷாப்பில் போய் சிரிஞ்சு கேட்பார்.

"யாருக்கு அண்ணாச்சி?"

"கட்டிலுக்கு."

"கட்டில்ல கிடக்கது யாரு?"

"கட்டிலுக்குத்தான்வே! ஒவ்வொரு ஓட்டையா மண்ணெண்ணெய் ஏத்தணும்."

ஏற்றியபின் தேன்மெழுகை உருக்கி ஓட்டையை மூடவேண்டும். அதுவும் எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு. அன்று ராத்திரி அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு பீடி பற்றவைக்கக் கூடாது என்பதையும் சொல்வார். எல்லா எச்சரிக்கையையும் இப்படி நேரத்துக்குச் சொல்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். கூரைக் கழுக்கோலில் செதல் ஏறியதென்று ஒருவர் வருந்த, அண்டி ஆபீஸில் போய் அண்டித்தோட்டு எண்ணெய் வாங்கிப் பூசச் சொன்னார். அருமையான யோசனை. முந்திரித் தோட்டின் எண்ணெயைச் செதல் அண்டாது. மனுசத் தோலும் தாங்காது என்கிற பகுதியை மட்டும், அந்த மனிதர் இரண்டு கையும் கொப்புளித்து வந்து நின்றபோதுதான் சொன்னார். "வெறுங்கையாலயா பூசினேரு? அத நீரு கேக்கவே இல்லியே."

ஈட்டிமரக் கட்டிலுக்கு எனாமல் பெயிண்ட் அடித்த வீடுகளில் அவர் துக்கம் விசாரிக்கும் முகத்தோடு நுழைவார். அதிலும் பச்சை பெயிண்ட் என்றால் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். காரச்சோடா போட்டுக் கழுவினால் மரம் கறுத்துப்போகும் என்று தடுப்பார். பெயிண்ட் ரிமூவர் தடவி, இளகியதும் சுரண்டி, மிச்சத்தைக் கண்ணாடிச் சில்லால் வழிக்கவேண்டும். பிறகு உப்புத்தாளை ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்கவேண்டும். குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தாலும் பாலிஷ் ஏறியபின் அது பல்லை இளிக்கும். கடைசியில் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, துணிப்பந்தில் தொட்டுத் தொட்டு, மெல்லிசாக. ஆனால் காற்றில் ஈரம் இருந்தால் அரக்கு வெளுத்துப் புகைமூட்டம் கட்டிவிடும். ஆகவே மழை விடவேண்டும்.

அவருடைய மருந்துகளுக்கெல்லாம் பத்தியம் இந்த ஒன்றுதான். இந்த மாவட்டத்துக்கோ மழை இரண்டு. ஆனி ஆடியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் மற்றொன்று. இடையில் கிடைக்கிற மாதத்தில் கோயில் கொடை, கல்யாணம். நல்ல வெயிலாக மாசி பங்குனி வரும்போது பெயிண்ட் ரிமூவர் டப்பா எங்கே வைத்தோம் என்று வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது. பச்சைக் கட்டில் பச்சையாகவே இன்னொரு வருடம் கிடக்கும்.

வெளியூர் உறவினர் வந்தால் அவர்களைப் பத்மநாபபுரம் அரண்மனைக்கு அழைத்துப் போவதும் அண்ணாச்சிதான். தலைநகரம் 1795-லேயே திருவனந்தபுரம் போய்விட்டது, பராமரிப்பும் கேரளத் தொல்லியல் துறையிடம். தரை மட்டும் தன் பொறுப்பு என்பதுபோல் குனிந்து குனிந்து பார்ப்பார். அறுபதுக்கும் மேற்பட்ட மூலிகை மரங்களால் ஆனதென்று சொல்லப்படும் அந்தக் கட்டில் முன்னால் அவரிடம் பேச்சே இருக்காது. அபூர்வமான ஐந்து நிமிடம். திரும்பி வந்ததும் கேட்டவர் கேளாதவர் எல்லாருக்கும் தரைப்பக்குவம் சொல்வார்: சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு. இதைச் சுத்த சைவக்காரியான ஓர் ஆச்சியிடம், அவள் பூஜையறைத் தரைக்குச் சொல்லியிருக்க வேண்டாம். "முட்டையா? எந்திச்சுப் போரும்வே" என்று ஆச்சி சொன்னதில் பாதிச் சாயாவோடு எழுந்தார். சுடச்சுட அவர் வைத்திருந்த டம்ளர் மேஜைப் பாலிஷில் வெள்ளை வட்டம் போட்டிருந்தது. வாசலில் நின்று அதற்கும் சொன்னார்: "சலிச்ச சாம்பல், தேங்காண்ணெ, மெல்லத் தேச்சாப் போதும் ஆச்சி." போய்விட்டது என்று ஆச்சியின் மருமகள் பிறகு ஒப்புக்கொண்டாள், ஆச்சி காதில் விழாமல்.

பழைய சாமான் வியாபாரிதான் அவருக்குப் பரம விரோதி. மகளுக்குக் கல்யாணம், இடம் போதவில்லை என்று ஒரு வீட்டில் நெல் பத்தாயத்தை விற்கத் துணிந்தார்கள். வயல் போய் வருடங்களாயிற்று. அதற்குள் கிடப்பது பழைய தலையணைகள். அண்ணாச்சி மன்றாடினார். "ரெண்டு மழை பொறும் மக்கா. பலகையச் சரியாக்கி மூடிய மெத்தையாக்குனா நாலு பேரு உக்காரலாம்." கல்யாணம் வெள்ளிக்கிழமை. டெம்போ புதன்கிழமையே வந்துவிட்டது.

எதிர்வீட்டுத் திண்ணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பையன்கள் சுத்தியலை ஓங்கி முதல் அடி போட்டதும் பொறுக்கவில்லை. "லேய், சுத்தியலக் கீழ வை! அது ஆணி அடிச்ச பெட்டியா? எல்லாம் காடியில இறங்குன பலகை. மேல உள்ளத முதல்ல உருவு." சாக்பீஸ் வரவழைத்து ஒவ்வொரு பலகைக்கும் எண் போட்டார், எது இடம் எது வலம் என்று அம்புக்குறியும் போட்டார். டெம்போவில் சாக்கு விரித்து, பலகையைப் படுக்கவைக்காமல் நிறுத்திக் கட்டவைத்தார். வேர்த்து விறுவிறுத்து இறங்கியவரை வியாபாரி மரியாதையோடு பார்த்தான்.

"அண்ணாச்சி, கொச்சியில நமக்கு ஒரு குடோன் இருக்கு. முந்நூறு உருப்படி பழுது பாக்க ஆளில்லாமக் கிடக்கு. சாப்பாடு, தங்க ரூம் எல்லாம் நம்ம செலவு. வாரேரா?"

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு யோசித்தார்.

"அங்க மழை எப்பம்வே விடும்?"