சங்கரன்கோவிலில் நாற்பது லிட்டர் கடல்: ஓர் அம்மோனியா ஆராய்ச்சி

சங்கரன்கோவிலில் கடல் கிடையாது என்பதில் புவியியலாரிடையே கருத்து வேறுபாடு இல்லை. தூத்துக்குடிக் கரை கோவில்பட்டி வழியாக ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். ஆயினும் இவ்வூர் வீடொன்றில், டிவிக்கு இடப்புறம், நாற்பது லிட்டர் கடல் இருக்கிறது. குடிமக்கள் இரண்டு கோமாளி மீன்கள். அக்கடலின் நிர்வாகமே இங்கு ஆய்வுப் பொருள்.

1909-இல் சென்னை மெரினாவில் கடல்மீன் காட்சியகம் திறந்தவர்களுக்குச் சற்று நடந்தால் கடல். நமக்குச் சற்று நடந்தால் விசைத்தறி. ஆகவே அன்னாரின் முறைகளை மரியாதையுடன் ஒதுக்கிவிட்டு மேலே செல்வோம்.

முதலில் உப்பு. தூத்துக்குடி உப்பைக் கரைத்தால் கடல் ஆகாதா என்று மச்சான் ஒரு கருதுகோளை முன்வைத்தார். ஆகாது. உப்பளத்தில் கால்சியம் முன்பாத்திகளிலேயே ஜிப்சமாக இறங்கிவிடும். கல்லுப்பு படிந்ததும் எஞ்சிய கசப்புத் தண்ணீரை வடித்துவிடுவார்கள். மக்னீசியத்தில் பெரும்பகுதி அதோடு போயிற்று. கைக்கு வருவது சாம்பாருக்கு ஆகும், மீனுக்கு ஆகாது. கடல்மீன் தொட்டிக்கென்றே விற்கும் உப்புக் கலவையை, குளோரின் போக்கிய தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் கரைக்க வேண்டும். சித்திரை வெயிலில் தொட்டி வற்றும்போது தண்ணீர்தான் போகிறது, உப்பு போவதில்லை. குறைந்த அளவை நல்ல தண்ணீரால் நிரப்புக. இதிலும் மச்சானுக்கு மாற்றுக் கருத்து உண்டு, இடமின்மையால் விடுகிறோம்.

இனி அம்மோனியா. மீன் அதைப் பெரும்பாலும் செவுள் வழியே வெளியேற்றுகிறது. தின்னாமல் மிஞ்சிய தீனி அழுகினாலும் அதுவே வரும். நன்னீர்த் தொட்டியில், பிஎச் 7 இருந்தால், மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவில் இருப்பது ஒரு விழுக்காடுகூடத் தேறாது. கடல்நீரின் பிஎச் 8.2, அங்கே அது பத்து மடங்குக்கு மேல். வெப்பம் ஏற ஏற இன்னும் கூடும். அதாவது அதே மீன், அதே கழிவு. ஆனால் தண்டனை பத்து மடங்கு.

காப்பாற்றுவது வடிகட்டியில் குடியேறும் நுண்ணுயிர்கள். அவை பெருகும்வரை மீனை விடக்கூடாது. கோமதி அம்மனின் ஆடித்தபசு விழா பன்னிரண்டு நாள். தொட்டியின் தபசோ நான்கு முதல் ஆறு வாரம்.

இவ்விடத்தில் தலபுராணம் உதவுகிறது. சிவனே பெரியவர் என்றான் நாகராசன் சங்கன். திருமாலே என்றான் பதுமன். அம்மன் தவமிருக்க, இருவரும் ஒருவரே என்று இறைவன் சங்கரநாராயணராகக் காட்சி தந்தார். நுண்ணுயிரியலிலும் இதே வழக்கு நடந்தது. அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குவது ஓர் இனம், நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குவது வேறோர் இனம் என்று 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி நிறுவினார். இரண்டையும் ஒரே உயிர் செய்யும் என்பது 2015-இல்தான் வெளியாயிற்று. அதற்கு உதவிய மாதிரிகளில் ஒன்று மீன் வளர்ப்புத் தொட்டியின் வடிகட்டியில் கிடைத்தது. இச்செய்தி சங்கரன்கோவிலுக்கு முன்பே தெரியும் என்று உரிமை கோர இவ்வாய்வாளர் தயங்கவில்லை. ஆனால் அந்த ஒற்றை உயிர் பெரும்பாலும் நன்னீர்வாசி. உப்புத் தண்ணீரில் பழைய கூட்டு வேலைதான் நடக்கிறது.

இந்த உயிர்களுக்கு ஆக்சிஜன் வேண்டும். தெருவில் தறிச்சத்தம் சட்டென்று நின்றால் கரண்ட் போயிற்று, பம்பும் நின்றது என்று பொருள். பேட்டரியில் ஓடும் காற்று பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய அம்மோனியா மூலம் ஆச்சி. "அய்யோ பாவம், வாயத் தொறந்து தொறந்து கேக்குதுல்லா. ரெண்டு பருக்கை போட்டா கொறஞ்சா போயிருவே?" என்பது அவர் வாதம். ஏரணப்படி மறுக்க முடியாதது. மறுநாள் சோதனைக் குப்பியில் மஞ்சளாக நிற்க வேண்டிய தண்ணீர் பச்சை தட்டும். அப்போது அதே உப்பும் அதே சூடும் உள்ள புதுத் தண்ணீரைத் தயாரித்து, தொட்டியில் பாதியை மாற்றுங்கள், தீனியை நிறுத்துங்கள். வளர்ந்த கோமாளி மீன் இரண்டு நாள் பட்டினியில் சாகாது. இந்த ஒரு வரியை மட்டுமாவது உங்கள் வீட்டு ஆச்சிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.