எழுபதில் எத்தனை? கொல்லிமலை ஓட்டக்காரர்களின் தூர அளவை குறித்து ஓர் ஆய்வு

கிலோமீட்டர் என்பது சமவெளி வழக்கு. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் ஓடப் போனவரிடம் எத்தனை கிலோமீட்டர் ஓடினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. “எந்த வளைவு வரைக்கும்?” என்பதே கேள்வி. காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி மேலேறும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். எண் போட்ட பலகைகளும் உண்டு. ஆகவே “நாற்பத்தொன்று” என்று ஒருவர் சொன்னால் போதும். அவர் ஓடிய தூரம், ஏறிய உயரம், எங்கே ஓட்டத்தை விட்டு நடைக்கு மாறினார், எந்தக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து ஷூ லேஸைத் தேவையில்லாமல் அவிழ்த்துக் கட்டினார் என்பதெல்லாம் கேட்பவருக்கு விளங்கிவிடும். ஒரே எண்ணில் இவ்வளவு பொருளை அடக்கும் அளவை வேறு உண்டா தெரியவில்லை. இருந்தும் பல்கலைக்கழகங்கள் இதைக் கண்டுகொள்ளாமலே இருந்துவருகின்றன. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை.

ஆய்வுப்பொருளை முதலில் வரையறுத்துக்கொள்வோம். ஓட்டக் குழு என்று இங்கே சொல்வது, ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் நாமக்கல், சேலம், ஈரோடு பக்கமிருந்து நான்கைந்து கார்களில் வந்து, ஒரே நிற டி-ஷர்ட்டோடு அடிவாரத்தில் இறங்கும் கூட்டத்தை. குழுவின் பெயர் முக்கியமில்லை. எந்தக் குழுவிலும் இதே ஆட்கள்தான் இருப்பார்கள்: லாரி பாடி பட்டறை முதலாளி ஒருவர், கோழிப்பண்ணைக்காரர் ஒருவர், பல் மருத்துவர், வங்கி மேலாளர், இவர்கள் எல்லோரையும் விரட்டும் பி.டி. மாஸ்டர். அடுத்த மாதம் சென்னையிலோ கோவையிலோ நடக்கும் மாரத்தானில் ஒருவர் பத்து கிலோமீட்டருக்கும், இன்னொருவர் இருபத்தொன்றுக்கும், துணிந்தவர் முழு நாற்பத்திரண்டுக்கும் பெயர் கொடுத்திருப்பார்கள். பயிற்சிக்கு மலை. இந்த மலையில் கால் பழகிவிட்டால் மெரினா கடற்கரைச் சாலை வழுக்கிக்கொண்டு போகும் என்பது இவர்கள் நம்பிக்கை.

அற்றேல், மாரத்தான் தூரங்கள் அறிவியல்படி வகுக்கப்பட்டவை, வளைவுக் கணக்கு வெறும் நாட்டுவழக்கு என்பாரும் உளர். அவர்களுக்கு விடை எளிது. நாற்பத்திரண்டு கிலோமீட்டர் நூற்றுத் தொண்ணூற்றைந்து மீட்டர் என்ற எண் எந்த ஆய்வகத்திலிருந்தும் வந்ததில்லை. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓட்டம் விண்ட்சர் அரண்மனையில் தொடங்கி, மைதானத்தில் அரச குடும்பத்தார் உட்கார்ந்திருந்த மாடத்தின் எதிரே முடிந்தது. அளந்து பார்த்தால் இருபத்தாறு மைலும் 385 கெஜமும். 1921-ல் அதையே உலகுக்கெல்லாம் விதியாக்கிவிட்டார்கள். அந்த மாடத்தில் இருந்தவர்கள் இன்று யாரும் இல்லை. ஆனால் பல் மருத்துவர் கடைசி 385 கெஜத்தை இன்னமும் நொண்டிக்கொண்டே ஓடுகிறார். ஒரு ராணி உட்கார்ந்த இடம் உலக அளவையாகலாம் என்றால், மலைக்குள் பொறியாளர்கள் பார்த்துப் பார்த்து வெட்டிய எழுபது வளைவுகள் ஏன் ஆகக்கூடாது?

மேலும், கிலோமீட்டரே இந்த மலையில் நிலைகொள்வதில்லை. போட்டிப் பாதையை முறைப்படி அளப்பது எப்படி என்று தெரிந்தால் இது விளங்கும். அளக்கும் கருவி சைக்கிள். அதன் முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுண்ட்டர் என்ற சிறு எண்ணியைப் பொருத்தி, முதலில் தெரிந்த தூரத்தில் ஓட்டிச் சரிபார்த்துக்கொண்டு, பிறகு பாதை நெடுக ஓட்டுவார்கள். வளைவுகளில் ஓரக்கல்லிலிருந்து முப்பது சென்டிமீட்டர் தள்ளி, ஓடுகிறவர் போகக்கூடிய மிகக் குறுகிய வழியையே பிடிக்க வேண்டும். தூரம் குறைந்துவிட்டது என்ற பேச்சுக்கே இடம் வராமலிருக்கக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகச் சேர்ப்பார்கள்.

இந்த முப்பது சென்டிமீட்டர் விதியைக் கொல்லிமலையில் கடைப்பிடிக்க முயன்றவர் கதி என்ன? கொண்டை ஊசி வளைவில் உள்விளிம்பு குறுகியது, ஆனால் செங்குத்து. வெளிவிளிம்பு நீண்டது, ஏற்றம் தணிவு. உயரம் இரண்டுக்கும் ஒன்றுதான். எவ்வளவு தூரத்துக்குள் அதை ஏறி முடிக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு. கணக்குத் தெரிந்த வங்கி மேலாளர் உள்விளிம்பைப் பிடிப்பார், மூன்றாவது வளைவில் இடுப்பில் கை வைத்துவிடுவார். பி.டி. மாஸ்டர் வெளியே அகலமாகச் சுற்றி, பேசிக்கொண்டே கடந்து போவார். இதற்கிடையே மேலிருந்து பஸ் ஹாரன் அடித்தபடி இறங்கும். அது திரும்புவதற்கு முழுச் சாலையும் வேண்டும். அப்போது உள்விளிம்பு, வெளிவிளிம்பு என்ற பேதமெல்லாம் மறந்து எல்லோரும் மதிலோடு மதிலாக ஒட்டிக்கொள்வார்கள்.

கைக்கடிகாரமோ இன்னும் மோசம். ஜிபிஎஸ் கடிகாரம் ஓடுகிறவர் நிற்கும் புள்ளிகளை அவ்வப்போது குறித்துக்கொண்டு, புள்ளிக்குப் புள்ளி நேர்கோடு இழுக்கிறது. நேர்ச்சாலையில் பழுதில்லை. வளைந்து திரும்பி வளையும் சாலையில் அந்தக் கோடு மூலைகளை வெட்டிக்கொண்டு போகும். பாறைச்சரிவும் மரக்கூட்டமும் செயற்கைக்கோளை மறைத்தால் ஆளைச் சாலையிலிருந்து தூக்கிப் பள்ளத்தில் போட்டுவிட்டு, மறுபடி எடுத்து வைக்கும். விளைவு, கூடவே ஓடி முடித்த இரண்டு பேர் மணிக்கட்டில் இரண்டு தூரம். இதில் குறைவாகக் காட்டியவர் படும் வேதனை தனி ஆய்வுக்குரியது. மேலே சோளக்காடு என்ற ஊரில் டீ ஆறிக்கொண்டிருக்கும். பட்டறை முதலாளி மட்டும் டீக்கடை வாசலில் நிறுத்தியிருக்கும் சரக்கு ஆட்டோவைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பார். கடிகாரம் 20.9 காட்டுகிறது, 21.1 ஆகாமல் அவரால் உட்கார முடியாது. ஆட்டோக்காரர் முதலில் பயந்தார், பிறகு வண்டியை நகர்த்தாமல் ஒத்துழைத்தார். வளைவுக் கணக்கில் இந்தச் சிக்கலே வராது. எழுபதாவது பலகையைத் தாண்டினாயா, இல்லையா?

இனி வரலாற்றுச் சான்று. இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலி, மான், பன்றி என ஊடுருவிப் போய்ப் புற்றிலிருந்த உடும்பில் தைத்தது என்பது வன்பரணர் புறநானூற்றில் தரும் செய்தி. ஐந்து விலங்குகள். இன்றைய ஓட்டப் போட்டிகளிலும் அல்ட்ரா, முழு மாரத்தான், அரை மாரத்தான், பத்து, ஐந்து என்று ஐந்து பிரிவுகள். பெரியதில் தொடங்கிச் சிறியதில் முடியும் வரிசையும் அதே. இதைத் தற்செயல் என்று ஒதுக்குவது ஆராய்ச்சி மனப்பான்மைக்கு அழகல்ல.

யானையும் புலியும் அதிகம் பேசாத சாதி. அவர்களைப் பற்றி மற்றவர்களே பேசிக்கொள்வார்கள். மான், அதாவது அரை மாரத்தான்காரர், குழுவில் பெரும்பான்மை. எப்போதும் அடுத்த ஆண்டு முழுசு ஓடப்போகிறவர். அந்த அடுத்த ஆண்டு வருவதேயில்லை. உடும்பு ஐந்து கிலோமீட்டர்க்காரர், பெரும்பாலும் யாருடைய மனைவியோ மைத்துனரோ, பிடித்த பிடியை விடாமல் சத்தமின்றி முடித்துவிட்டு வந்து எல்லோருக்கும் வாழைப்பழம் உரித்துக் கொடுப்பார். உண்மையில் ஆராயத் தக்கவர் பத்து கிலோமீட்டர்க்காரரே. ஐந்து ஓடுகிறவரை அவர் ஓட்டக்காரராகவே ஏற்பதில்லை. இருபத்தொன்று ஓடுகிறவர்கள் மூட்டைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்பது அவர் தீர்ப்பு. “பத்துலதான் சார் வேகம் தெரியும்” என்பார். அவர் வேகம் என்ன என்று மட்டும் கேட்கக்கூடாது. அன்றைக்குக் காற்று எதிர்த்து அடித்திருக்கும்.

போட்டி விதிகளோடு ஒப்பிடும்போது இன்னொரு வியப்பு வெளிப்படுகிறது. உலக தடகள அமைப்பு சாலை ஓட்டச் சாதனைகளுக்கு இரண்டு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே உள்ள நேர்கோட்டுத் தூரம், ஓடும் தூரத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது. மொத்த இறக்கம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டரைத் தாண்டக்கூடாது. 2011-ல் பாஸ்டனில் கென்யாவின் ஜெஃப்ரி முட்டாய் இரண்டு மணி மூன்று நிமிடம் இரண்டு விநாடியில் ஓடினார். அதுவரை யாரும் மாரத்தானை அவ்வளவு வேகமாக முடித்ததில்லை. ஆனாலும் உலக சாதனைப் பட்டியலில் அவர் பெயர் ஏறவில்லை. பாஸ்டன் பாதை ஒரே திசையில் நீளமாகப் போகிறது, போதாததற்கு இறங்கவும் செய்கிறது. கொல்லிமலைக்கு முதல் நிபந்தனை ஒரு பொருட்டே இல்லை. எழுபது முறை திரும்பித் திரும்பி ஏறும் சாலையில், ஓடி முடித்த இடத்தில் நின்று எட்டிப் பார்த்தால் புறப்பட்ட இடம் காலடியில் தெரிகிறது. ஏறுவதைப் பற்றி இரண்டாவது விதியும் வாய் திறக்கவில்லை. ஆகவே காரவள்ளியிலிருந்து மேலே ஓடி ஒருவர் உலக சாதனை படைத்தால், இந்த இரு விதிகளும் குறுக்கே நிற்காது. குழுவில் இதை விளக்கியபோது நீண்ட மௌனம் நிலவியது. எதிர்த்திசைக்குத்தான் வழியில்லை: அரை மாரத்தானுக்கு அனுமதித்த இருபத்தொரு மீட்டர் இறக்கம் முதல் சில வளைவுகளிலேயே தீர்ந்துபோகும்.

இறக்கம் எளிது என்று நினைப்பவர் திங்கட்கிழமையைப் பார்க்காதவர். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடலைத் தள்ளுகிறது. இறங்கும்போதோ நீண்டுகொண்டே உடலைத் தாங்கிப் பிடிக்கிறது. இழைகள் நுண்ணியதாகக் கிழிபடுவது இந்த இரண்டாவது வேலையில்தான் அதிகம். வலி உடனே வராது. ஒன்றிரண்டு நாள் கழித்துச் சாவகாசமாக வரும். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே 1921 முதல் நடக்கும் காம்ரேட்ஸ் ஓட்டம் ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீட்டர். பெரும்பாலும் ஓர் ஆண்டு ஏறுமுகம், மறு ஆண்டு இறங்குமுகம். அங்கேயும் பழந்தின்று கொட்டை போட்டவர்கள் இறங்குமுகத்துக்குத்தான் அஞ்சுகிறார்கள். நம் வங்கி மேலாளர் திங்கட்கிழமை மாடியிலுள்ள லாக்கர் அறைக்குப் போக மறுத்து, வாடிக்கையாளரிடம் சாவியைக் கொடுத்தனுப்பப் பார்த்ததும் இதனால்தான்.

கொல்லிப்பாவையை விட்டுவிட்டால் ஆய்வு நிறைவடையாது. சிரித்து மயக்கி ஆளைக் கொல்லும் பாவை இம்மலையில் உண்டென்பது நெடுங்கால நம்பிக்கை. அந்தச் சிரிப்பின் எச்சத்தை இன்றும் காணலாம். குழுவில் கால் சுளுக்கிய ஒருவர் கேமராவோடு ஏதாவதொரு வளைவில் நிற்பார். அதற்கு முந்தைய வளைவு வரை தலைகுனிந்து, வாய் திறந்து, நடந்து வருகிற அதே ஆட்கள் கேமராவைக் கண்டதும் முதுகை நிமிர்த்திக் கட்டை விரலை உயர்த்திப் பல் தெரியச் சிரித்தபடி ஓடுவார்கள். கேமராவைத் தாண்டிய பத்தாவது அடியில் நடை. படங்களை மட்டும் பார்க்கிறவருக்குக் கொல்லிமலையில் யாருமே நடந்ததில்லை என்று தோன்றும்.

நடப்பதைப் பற்றி மலைக்காரர்களுக்கு இந்த மனத்தடை கிடையாது. தோளில் பலாப்பழம், காலில் ரப்பர் செருப்பு, வாயில் வெற்றிலையோடு ஒரு பெரியவர் இரண்டு வளைவுகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் நிதானமாக ஏறிப் போனார். மூன்று திருப்பம் தாண்டி மூச்சிரைக்க வந்த பல் மருத்துவரை மேலேயே நின்று பார்த்தார். “ஏனுங்க, பஸ்ஸ உட்டுட்டீங்களா?” என்றார். இல்லை, ஓடப் பழகுகிறோம் என்று சொன்னதும் பலாப்பழத்தைத் தோள் மாற்றிக்கொண்டு, “காசு குடுப்பாங்களா?” என்று கேட்டார். கொடுக்கத்தான் வேண்டும் என்று மருத்துவர் விளக்கியதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

ஓட்டம் முடிந்தால் செம்மேட்டில் இட்லி, மிளகு பேரம், அதன்பின் அறப்பளீசுவரர் கோயில். அங்கே போனால் ஆகாய கங்கையைப் பார்க்காமல் திரும்ப முடியாது. அருவிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். ஏற்கனவே எழுபது வளைவு ஏறியவர்கள் இதற்கு உடன்படுவது ஏன் என்பதற்கு உடலியலில் விளக்கமில்லை. படிக்கு எண் போட்ட பலகை கிடையாது என்பதால் அளவைச் சண்டை மறுபடி தொடங்கியது. இறங்கும்போது எண்ணிய பட்டறை முதலாளிக்கு ஒரு தொகை. கோழிப்பண்ணைக்காரருக்கு அதைவிட நாற்பது அதிகம். ஏறும்போது எண்ணிச் சரிபார்ப்பதாகச் சொன்ன பி.டி. மாஸ்டர் முந்நூற்றுச் சொச்சத்தில் எண்ணுவதை நிறுத்திவிட்டு, மேலே கோயில் பக்கம் சுக்குக் காப்பி கிடைக்குமா என்று விசாரித்தார்.